ஈ உட்கார்ந்த இடம்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் தேவானையின் கருவாட்டுக்குத் தனி மவுசு. அவள் காயவைத்த வாளையில் புழு விழுந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஈயோடுதான் அவளுக்குச் சண்டை. மீனைக் கீறி உப்பு திணிக்கும்போது செவுள் இடுக்கில் துளி இடம் விட்டுப்போனாலும் பச்சை ஈ கண்டுபிடித்துவிடும். தின்ன வந்த ஈ அங்குமிங்கும் அலையும். முட்டை வைக்க வந்தது அப்படியல்ல. நடந்து நடந்து பார்க்கும். ஈரமான மடிப்பாகத் தேடும். கிடைத்துவிட்டால், விரட்ட விரட்ட அதே இடத்துக்கே வரும். மறுநாள் அங்கே புழு நெளியும்.

அந்த ஐப்பசியில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் மணலில் வலையை விரித்து மீனைப் பரப்பினாள். பக்கத்தில் அவள் புருஷன் கோதண்டபாணி ஸ்டூலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். சர்க்கரை வந்த பிறகு அவன் கடலுக்குப் போவதில்லை. கிளிஞ்சல் குத்திய வலது காலில் பழைய துணியைச் சுற்றியிருந்தான்.

மீன்மேல் ஈ குறைவாக இருந்தது. பரவாயில்லையே என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈயெல்லாம் அவன் காலில் இருந்தன.

“யோவ், கால ஆட்டுயா.”

“இன்னாத்துக்கு?”

“ஈ மொய்க்குது, தெரியல?”

குனிந்து பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. காலை உதறினான். எழும்பிய ஈக்கள் மீன் பக்கம் போகவில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு, சுண்டுவிரல் பக்கம் துணி நனைந்திருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தன.

“துணிய அவுரு.”

“சும்மா கெட மே. வலியே இல்ல, ஆறிக்கினு கீது.”

“வலியில்லன்றதுதான்யா எனக்கு பயமா கீது. அவுருன்றேன்ல!”

அவன் முறைத்தான். அவளே மணலில் உட்கார்ந்து, காலை மடியில் இழுத்து வைத்துத் துணியைப் பிரித்தாள். மேலே காயம் மூடியிருந்தது. சுண்டுவிரலை விலக்கினாள். அடியில் சதை கறுத்துக் கிடந்தது. அந்த இடுக்கில் நொய்யரிசியைக் கொட்டினாற்போல வெள்ளையாக ஒரு குவியல். அதற்கும் உள்ளே ஏதோ அசைந்தது.

“இன்னாமே கீது?”

“ஒண்ணுமில்ல. சீழு வெச்சிருக்கு,” என்றாள். பிறகு, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் லாரன்ஸைக் கூப்பிட்டுக் கத்தினாள். பரப்பிய மீன் பரப்பியபடி கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கறுப்பு நிற்காமல் மேலே ஏறியது. அப்புறம் பாதத்தையே எடுத்தார்கள். உயிர் தங்கியது.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு பகலில் அவனாகவே கேட்டான்.

“அன்னிக்கு கால்ல இன்னாமே பாத்த? மெய்யா சொல்லு.”

சொன்னாள். அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான்.

“செத்ததுலதானே அதுங்க முட்ட வெக்கும்?”

தேவானை இட்லியைப் பிட்டு அவன் வாயில் வைத்தாள். அவன் மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா வந்தார். இருக்கிற இடது காலைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, ஒரு ஊசி முனையால் பெருவிரலில் குத்தினார். உள்ளங்காலில் குத்தினார். குதிகாலில் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தேவானை கட்டில் கம்பியைப் பிடித்தபடி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டபாணி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டி, லாரன்ஸ் வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.