நாளைக்கும் வரும் முகம்

இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு விடுமுறைக்குப் போய், மரப்பலகையில் மாதா படம் தீட்டக் கற்றுக்கொண்ட வாரம் அது. என் பக்கத்து மேசையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அந்த ஊரிலேயே ஓர் இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் வேலை. வருட லீவை இந்த வகுப்புக்கே கொடுத்திருந்தார். பாத்திரம் கழுவி வெடித்த விரல்கள், தூரிகையைப் பிடித்தால் நடுங்காது.

முன்னால் இருக்கும் மாதிரியை அப்படியே வரைய வேண்டும், சொந்தமாக எதுவும் சேர்க்கக் கூடாது என்பது அந்தக் கலையின் விதி. அவர் வரைந்த மாதா அச்சு அசல். மடியிலிருந்த குழந்தை மட்டும் வேறு யாரோ: காது விடைத்து, புருவத்தில் ஒரு வெட்டோடு. தினமும் மாலையில் தானே சிறு கத்தியால் அந்த முகத்தைச் சுரண்டிவிடுவார்; மறுநாள் அதே முகத்தைத் திரும்ப வரைவார்.

நான்காம் நாள் கேட்டேவிட்டேன். "நல்லாத்தானே இருக்கு அக்கா, வாத்தியார்கூட ஒண்ணும் சொல்லலையே. ஏன் அழிக்கிறீங்க?"

"இது என்ர மகன், தங்கச்சி. ஆறு வயசிலை ஷெல்லடியிலை செத்தவன். படம் ஒண்டும் மிஞ்சேல்லை. முகம் மறந்துபோச்செண்டு பயந்துகொண்டிருந்தன். கை மறக்கேல்லை."

"அப்போ அப்படியே வச்சுக்கலாமே?"

"அழிச்சால்தானே நாளைக்கும் வருவான்."

கடைசி நாளும் சுரண்டினார். குழந்தைக்கு முகமில்லாத பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் தீட்டிய மாதா படம் சென்னை வீட்டுச் சுவரில் பிழையில்லாமல் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது வெட்டுப்பட்ட அந்தப் புருவம்தான்.