காத்தமுத்துவின் வாணக் காவல்

செம்பட்டி ரோட்டில் இருக்கும் சடையம்பட்டியில் காத்தமுத்து என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பட்டாளத்தார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். பட்டாளத்தில் மனுஷன் என்ன கிழித்தார் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. உலகச் சண்டைக் காலத்தில் கல்கத்தாப் பக்கம் பீரங்கிப் படையில் இருந்தார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டால், "நான் எங்க சுட்டேன், ஆகாயத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பார். டீக்கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பொய்யில்லை. குண்டு போட வரும் விமானத்தை அடிக்கிற பீரங்கி அது. விமானம் இருக்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால் வெடி போய்ச் சேருவதற்குள் அது தாண்டிப் போய்விடும். அதனால் என்ன உயரம், என்ன வேகம், எந்தத் திக்கு என்று பார்த்து, இன்னும் செத்த நேரத்தில் அது எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, ஒன்றுமே இல்லாத அந்த வெறும் வெளியில் சுட வேண்டும். கணக்குப் போட ஒரு இரும்புப் பெட்டி உண்டு. பெட்டியின் சக்கரத்தைத் திருகித் திருகி, விமானத்தைக் கண்ணாடிக்குள் நழுவாமல் வைத்திருப்பது காத்தமுத்துவின் வேலை. வருஷக்கணக்கில் அதையே செய்ததில், எது பறந்தாலும் அது எங்கே போய் இறங்கும் என்று அவர் மண்டைக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்த வித்தைக்கு ஊரில் வேலை வந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். பங்குனியில் மாரியம்மன் திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் பொழுது சாயும் நேரம் கண்மாய்க் கரையில் நின்று வாணம் விடுவார்கள். ஊர் முழுக்கத் தென்னங்கீற்றுக் கூரை. முந்தின வருஷம் எரிந்துகொண்டே வந்த ஒரு வாணம் காத்தமுத்துவின் வீட்டின் மேலேயே உட்கார்ந்து, வீட்டைச் சாம்பலாக்கிவிட்டது. அவர் மனைவி அங்காளம்மாள் அந்த வருஷம் பூராவும் குனிந்த தலை நிமிராமல் கீற்று முடைந்தாள். கூரை ஏறிய அன்றைக்கு விரல்களை நீட்டிக் காட்டி, "இதுவும் போச்சுன்னா இன்னொரு கூரைக்கு இந்தக் கையில தெம்பில்லய்யா" என்றாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிறவள், கிண்டலில்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

வாணமே வேண்டாம் என்றது ஊர்க்கூட்டத்தில் பாதி. ஆத்தா சும்மா விடுவாளா என்றது மீதி. காத்தமுத்து எழுந்தார்.

"நிறுத்த வேணாம். மருந்து தீந்த வாணம் வீசுன கல்லுதான். எங்கிட்டு விழும்னு நான் சொல்றேன், நீங்க முந்திப் போய் நில்லுங்க."

அப்படித்தான் ஏற்பாடானது. நீள மூங்கில்களின் நுனியில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஆட்கள் நின்றார்கள். காத்தமுத்து கரைமேல். வாணம் சீறி ஏறும், புகை நிற்கும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஒரு பார்வை. தண்ணீரிலோ தரிசிலோ விழுமென்றால், "விடு" என்பார். கூரைமேல் வருமென்றால் யார் வீடு என்று கத்துவார். சாக்கு அங்கே முந்திக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஓடினால் கால் ஓய்ந்துபோகும், நிஜமாய் வேண்டும்போது ஆள் இருக்காது என்பது அவர் கட்சி. இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார்: ஒரு சமயத்தில் ஒரே ஒரு வாணம். அவர் துண்டைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அடுத்தது.

கிழக்குக் கோடியில் இரண்டே வீடுகள், அவருடையதும் மூக்காயியுடையதும். போன வருஷம் போலக் காற்று அடித்தாலொழிய அவ்வளவு தூரம் வாணம் வராது, இருக்கிற ஆளும் பற்றாது என்று அங்கே அங்காளம்மாளை மட்டும் ஒற்றை மூங்கிலோடு நிறுத்தியிருந்தார். மூக்காயியின் மகள் பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு உள்ளே படுத்திருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் நின்றவர்கள் சடையாண்டியும் ராமரும். மாமன் மச்சான்கள். முதல் மரியாதை யார் குடும்பத்துக்கு என்று தாத்தன் காலத்திலிருந்து முறைத்துக்கொண்டு திரிபவர்கள். பட்டாளத்தார் துண்டைத் தூக்கினார். இரண்டாவதாகப் பற்றவைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. அடப்பாவிகளா, இரண்டு திரியிலும் ஒன்றாக நெருப்பு ஏறிவிட்டது.

இரண்டும் ஜோடியாக ஏறின. அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து மேகாற்று ஒரு தள்ளு தள்ளியது. காத்தமுத்துவின் மண்டைக்குள் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. ஒன்று மூக்காயி வீடு. மற்றது தன் வீடு. அங்கே இருப்பது ஒரே மூங்கில்.

"ஏ புள்ள, மூக்காயி வீட்டுக்கு ஓடு. நம்ம வீட்ட விடு" என்று கரைமேலிருந்து கத்தினார்.

அங்காளம்மாள் அண்ணாந்து பார்த்தாள். தன் கூரையைப் பார்த்து இறங்குகிற நெருப்பு அவள் கண்ணுக்கே தெரிந்தது. கையில் மூங்கில் இருக்கிறது, கூரை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். மூக்காயி வீட்டுக் கூரையில் வாணம் வந்து குத்தவும் ஈரச் சாக்கு அதன்மேல் அமுங்கவும் சரியாக இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு வருஷத்துக் கீற்று சடசடவென்று பற்றிக்கொண்டது. மேலத் தெரு ஆட்கள் ஓடிவந்து சேர்ந்தபோது நின்றது மண்சுவர் மட்டும்.

காத்தமுத்து வந்து வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தார். சடையாண்டியும் ராமரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். அங்காளம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவர் கவலையெல்லாம்.

அவள் மூக்காயி வீட்டிலிருந்து வந்தாள். முன்மயிர் கருகியிருந்தது. கையில் பழஞ்சேலை சுற்றிய பொதி.

"ஏ புள்ள, நானே நம்ம வீட்ட..."

"பேசாத. கைய நீட்டு."

நீட்டினார். பச்சைப் பிள்ளையை அவர் கையில் வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுச் சத்தத்துலயும் முழிக்கலய்யா, பாரு" என்றாள். "நீ மட்டும் நம்ம வீட்டுக்குக் கை காட்டியிருந்தா, ஆயுசுக்கும் ஓங் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்தபோதும் கலங்காத மனுஷன் தோள் குலுங்க அழுதார். அங்காளம்மாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மெதுவா அழுய்யா. புள்ள முழிச்சுக்கிரும்."