ஜெபசுதா டீச்சரின் விசில்

ஜெபசுதா டீச்சருக்கு அப்படியொரு குரல். எட்டாம் வகுப்புக்கு அவர் அரசியலமைப்புப் பாடம் எடுத்தால், பக்கத்து அறையில் கணக்கு எடுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் எடுப்பார். என் மாணவர்களுக்குப் பின்னம் வராது. அடிப்படை உரிமைகள் அத்துப்படி.

சாத்தான்குளத்துக்காரர். பாடத்துக்கு அடுத்தபடியாக அவர் உயிரை விடுவது கபடிக்கு. மாப்பிள்ளையூரணியில் இருக்கும் எங்கள் பள்ளியில் எந்தப் போட்டி நடந்தாலும் விசில் அவர் கழுத்தில்தான். சொந்த மகள் ஜெப்ஸி ஆட வந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. "எம் புள்ளைக்குன்னு தனிச் சட்டமா?" என்பார். உண்மைதான், ஒருநாளும் மகள் பக்கம் சாய்ந்ததில்லை.

எட்டாம் வகுப்பின் இரண்டு அணிகளுக்கும் இறுதிப் போட்டி. அதற்கு முந்தின நாள் டீச்சர் அதிகாரப் பிரிவினை நடத்தினார். சட்டம் போடுவது ஓரிடம், அதை நடத்துவது ஓரிடம், நீதி சொல்வது ஓரிடம். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்று சுவர் அதிரச் சொன்னார். "புரிஞ்சுதா?"

ஜெப்ஸிக்கு எதிரணித் தலைவி விக்டோரியா எழுந்தாள். அவள் குரலும் சுவரைத் தாண்டும்.

"புரிஞ்சுது டீச்சர். எங்கப்பா மீன் ஏலம் விடுதாவ. எங்க படகு மீன் வந்தா மட்டும் வேற ஆள ஏலம் விடச் சொல்லிருவாவ. அப்ப நாளைக்கு நீங்க விசில் ஊதலாமா?"

பக்கத்து அறையில் குரல் நின்றுபோனது. அது நடக்காத காரியம். நான் கணக்கை விட்டுவிட்டு அந்த வாசலுக்கே போய்விட்டேன்.

"ஏளா, ஜெப்ஸிக்குச் சாதகமா நான் என்னைக்காவது ஊதிருக்கேனா?"

"இல்ல டீச்சர். சந்தேகம் வந்தா அவளுக்கு எதிராத்தான் ஊதுவிய. நடுக்கோட்டத் தொட்டாலும் அவுட்டுன்னுருவிய. பாவம், அவளுக்குத்தான் நீதி கெடைக்கல."

வகுப்பே ஜெப்ஸியைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

டீச்சர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. விசிலைக் கழற்றி என் கையில் திணித்தார். "நாளைக்கு நீங்க ஊதுங்க, பராங்குசம் சார்." கபடியில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜெபசுதா டீச்சரிடம் மாட்டேன் என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. விதிப் புத்தகத்தை ராத்திரி முழுக்கப் படித்தேன்.

மறுநாள் கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். ஜெப்ஸி கபடி பாடிப் போனாள். விக்டோரியா காலைப் பிடித்துவிட்டாள். விழுந்த ஜெப்ஸி கையை எட்டி நீட்டினாள். விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் அங்குலம், குனிந்து பார்த்துவிட்டேன். விசிலை ஊதி அவுட் என்றேன்.

"சார், ஒங்க கண்ணு எங்கன இருக்கு? எம் புள்ள கோட்டத் தொட்டாச்சு!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார் டீச்சர். நான் இரண்டடி பின்வாங்கினேன். தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை.

விக்டோரியா அணி ஜெயித்தது. உடம்பெல்லாம் மண்ணோடு ஜெப்ஸி என்னிடம் ஓடிவந்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"அவுட்டுதான் சார், வெரல் எட்டல," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்கம்மா எனக்காகச் சண்டைக்கு வாராவ, பாத்தியளா!"