கருவாட்டுச் சீட்டுக்காரி

குடவாசல் கடைத்தெருவில் கிளி ஜோசியம் என்றால் காயாரோகணம். இது நானே சொல்லிக்கொள்வதில்லை, ஊர் சொன்னது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பண்ணையாள் மகன். ஒரு கூண்டு, ஒரு கிளி, ஒரு கட்டுச் சீட்டு, இவற்றை வைத்துக்கொண்டு ஓட்டு வீடு கட்டினேன். மகளை டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தேன். மேடையில் சாமியும் இல்லை, ஜாதகமும் இல்லை என்று முழங்கிய கட்சிக்காரர்கள்கூட, கடைத்தெருவில் ஆள் குறைந்த மத்தியான வேளையாகப் பார்த்து, கரைத்துண்டை மடியில் ஒளித்துக்கொண்டு என் முன்னால் குந்தியிருக்கிறார்கள். எலெக்‌ஷனில் சீட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். கிடைக்கும் என்றேன், கிடைத்தது.

இப்படிப்பட்ட நான் இன்னொருத்தியைப் பற்றி எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அம்சம் என்கிற அவளைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அவளுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

முத்துப்பேட்டைப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம் அவளுடையது. ஒரு புயலில் கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தாள். கருவாடு மடித்துக் கொடுக்க, ஜெய்னுலாபுதீன் என்ற பினாங்கு போய் வந்த கடைக்காரரிடம் பழைய காகிதம் வாங்குவாள். ஒரு தடவை அந்தக் கட்டுக்குள் வெள்ளைக்காரப் படச்சீட்டுகள் இருந்தன. சீட்டாடும் சீட்டு மாதிரிதான், ஆனால் நீளம் அதிகம். ராஜா, ராணி, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் ஆள், இடி விழுந்த கோபுரம். அதற்கு டாரட் என்று பெயர் என்பதைப் பின்னால் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். திருப்பிக் கொடுக்கப் போனவளிடம் கடைக்காரர், "நீயே வச்சுக்கம்மா. அங்கெல்லாம் இதை வச்சுக் குறி சொல்லுவாங்க" என்றாராம்.

சீட்டில் எழுதியிருந்ததை அவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்ப்பாள், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். பிறகு, "எனக்கு இப்படித் தோணுதுங்க" என்று ஆரம்பிப்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை. கருவாடு வாங்க வந்து அழுதவளுக்கு ஒரு நாள் பொழுதுபோக்காக ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். அழுதவள் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். அடுத்த அறுவடைக்குள் கூடை போய்விட்டது, சீட்டு மட்டும் மிச்சம். புங்க மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

என் கூட்டம் கரைய ஆரம்பித்தது. பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான். சும்மா இருந்து தின்றவனுக்கு அது வராது, கையூன்றி எழுந்து நின்றவனுக்குத்தான் வரும். கிளியைப் பழக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாமி படத்துக்கும் உள்ள பாட்டை நெட்டுருப் போட்டவன் நான். இவள் கருவாட்டு நாற்றம் போகாத நாலு படத்தை வைத்துக்கொண்டு என் சோற்றில் கை வைக்கிறாள்!

"கருவாட்டு ஜோசியம் பாக்குறவங்கல்லாம் அந்தப் பக்கம் போங்க! உசிருள்ள ஜோசியம் பாக்குறவங்க இந்தப் பக்கம் வாங்க!" என்று ஒரு சந்தை நாளில் கத்தினேன். அவள் சீட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க கிளிக்கு உசிரு இருக்குங்கண்ணே. அதான் நெல்லு குடுத்தாதான் வாயத் தொறக்குது." அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முன்னால் உட்கார்ந்திருந்தவனும் சிரித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருஷம்தான் நிலம் வாங்கும் பேச்சு வந்தது. குத்தகைக்காரர்கள் தாலுக்கா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்து, உச்சவரம்பும் வந்து, பெரிய பண்ணைகள் கையிலிருப்பதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த காலம். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வரப்புக்கு வரப்பு கொடி நட்டிருந்தார்கள். என் அப்பா எந்தப் பண்ணையில் செருப்பில்லாமல் நின்றாரோ அதே பண்ணையின் ஏஜெண்டு சிவசாமி என்னைத் தேடி வந்தார். ஆறு மா நிலம், ஏறக்குறைய ரெண்டு ஏக்கர், வாய்க்கால் ஓரம். "காலி நெலம்யா. பாத்தியதைன்னு ஒருத்தன் கிடையாது. ஆனா ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள கிரயம் முடிச்சாகணும்" என்றார்.

கோடையில் அழைத்துப் போய்க் காட்டினார். வெடித்துக் கிடந்த தரை, மேய்கிற நாலு மாடு, ஒரு ஈ காக்கை இல்லை. அப்பா கை கட்டி நின்ற மண்ணில் என் பெயரில் பட்டா! வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வந்து நீலாயதாட்சியிடம் சொன்னேன். அவள் என் மனைவி, எதற்கும் குறுக்கே நிற்காதவள். அன்றைக்கு நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்களேன்."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"அம்சம் பொறுக்கச் சொல்லுச்சு."

"கிளிக்காரன் பொண்டாட்டி அந்தக் கருவாட்டுக்காரிகிட்ட போய் உக்காந்தியா? ஊரு சிரிக்காது?"

"உங்க கிளிகிட்ட நம்ம வீட்டு விஷயத்தைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நான் எங்க போறது?"

அது உண்மை. எங்கள் தொழிலில் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளிக்காரன் தனக்கோ தன் வீட்டுக்கோ தன் கிளியிடம் சீட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால் கிளிக்கு வாக்குப் போய்விடும். ஊருக்கெல்லாம் வழி சொன்ன நான், என் ஆறு மாவுக்கு வாய் மூடித்தான் இருந்தாக வேண்டும்.

மறுநாள் காலை நேரே ரோட்டைத் தாண்டினேன். எல்லார் முன்னாலும் அவளைத் தோலுரிக்க வேண்டும் என்றுதான் போனேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

"எதுக்கு வந்தேன்னு சொல்ல மாட்டேன். நீயே சொல்லு பாப்போம்" என்றேன்.

"ஒக்காருங்கண்ணே. வெயில்ல நிக்கிறீங்க" என்றாள்.

சீட்டைக் கலைத்து நீட்டினாள். ஒன்றை உருவினேன். ஒரு பெண் முட்டிபோட்டு இரண்டு குடத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குடம் குளத்தில், ஒரு குடம் தரையில். வெள்ளைக்காரன் அந்தப் பெண்ணை அம்மணமாக வரைந்திருந்தான் போலிருக்கிறது. அம்சம் மஞ்சள் காகிதம் வெட்டி அவளுக்குச் சேலை ஒட்டியிருந்தாள்.

அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு இப்படித் தோணுதுங்கண்ணே. இவ தண்ணி ஊத்துறா. தரை காஞ்சு கெடக்குறவரைக்கும் எல்லாத் தரையும் ஒண்ணுதான். தண்ணி பட்டாத்தான் யாரு கால் வைக்கிறாங்கன்னு தெரியும். தண்ணி வரட்டும்."

"என் பொண்டாட்டி சொன்னதை எங்கிட்டயே திருப்பிச் சொல்றியா?"

"அண்ணி ஒரு நெலம் வாங்கப் போறோம்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அவங்க உருவுனதும் இதே படந்தான்."

"தண்ணி வந்து ஒருத்தனும் கால் வைக்கலேன்னா?"

"அப்ப நான் கூடையத் தூக்கிட்டு முத்துப்பேட்டைக்கே போயிடுறேன்" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குப் போதும். நிலத்தைவிட அது எனக்கு ருசித்தது. சிவசாமியிடம், "நாள் சரியில்லீங்க" என்று தள்ளிப் போட்டேன். குதித்தார், வேறு ஆள் இருக்கிறது என்றார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கூடை தூக்குவதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்தது. கிளைவாய்க்காலுக்கு ஏறிய அன்று விடியலில் கிளியைக்கூட எடுக்காமல் போனேன். என் ஆறு மாவின் மடையில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு குனிந்து நின்றார். மண்ணை வெட்டிவிட, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அவரும் பின்னாலேயே இறங்கினார்.

"யாருய்யா அது?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "யாரு, முருகையன் மவனா? கிளி வச்சிருக்கிறவன்தானே? நான் காத்தான்டா. ஒங்கப்பனும் நானும் இந்த வயல்லதான் ஒண்ணா நாத்துக் கட்டு சொமந்தோம்."

"இது காலி நெலம்னு..."

"எவன் சொன்னான்? ஏஜெண்டா?" சிரித்தார். "குத்தகையில எம் பேரப் பதிஞ்சாச்சு. எவன் வாங்கிட்டு வந்தாலும் இந்த வயல விட்டு ஏற மாட்டேன். வெட்டுனாலும் ஏற மாட்டேன். நீ எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதான் சித்தப்பா. தண்ணி வந்துட்டுதான்னு பாக்க வந்தேன்."

வாங்கியிருந்தால், அப்பாவோடு நாற்றுக்கட்டு சுமந்தவரை வயலிலிருந்து ஏற்ற நான் போலீசோடு போய் நின்றிருப்பேன். அல்லது பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். சிவசாமியை அதற்குப் பிறகு என் நிழலில்கூட ஒதுங்க விடவில்லை.

காத்தான் வயல் பிழைத்தது, என் பணம் பிழைத்தது, மரியாதை பிழைத்தது. ஆனால் அவள் கூடை தூக்கவில்லை. புங்க மரத்தடியிலேயே இருந்தாள். அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நேராகப் போய்க் கேட்டேன்: "காத்தான் வீட்டுப் பொம்பளை உங்கிட்ட வந்தாளா? அவ சொல்லித்தானே தெரிஞ்சுது?"

"வந்தவங்க பேசுனதை வெளியில சொல்ற பழக்கம் எனக்கில்லீங்கண்ணே. உங்களுக்கு உண்டா?" என்றாள். ரோட்டைத் தாண்டி என் கிளிக்கூண்டுக்கே திரும்பினேன்.

மூன்றாம் வருஷம் வேறு இடத்தில், வில்லங்கம் பார்த்து, என் பெயரில் நிலம் வாங்கினேன். வரப்பில் நின்று நானே மடை திறந்தேன். கிரயம் பதிந்த அன்று ரெஜிஸ்தர் ஆபீசிலிருந்து வரும்போது அம்சம் கேட்டாள்: "கிரயம் ஆச்சாண்ணே?" வீட்டுக்கே இன்னும் சொல்லாத சேதி! வீட்டில் கை கழுவும்போதுதான் பார்த்தேன், இடது கட்டைவிரலில் ரேகை வைத்த மை. ஓகோ, இதுதான் உன் தோணல் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். அதைக் கண்டுபிடித்துவிட்டேன். குடம் ஊற்றுகிறவள் என் கைக்கும் என் மனைவி கைக்கும் எப்படி வந்தாள் என்பதை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்சம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளும் தனக்கென்று தன் சீட்டைத் தொட்டதில்லை என்று சொல்கிறார்கள். அப்படியானால் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்டாள்? கடலில் போன புருஷனைப் பற்றி அவளுக்குக் கேட்க ஒன்றுமே இல்லையா? எதிரே நான் இருந்தேன், கிளி இருந்தது. ரோட்டைத் தாண்டினால் போதும். நான் தாண்டிப் போனேனே!

ஒரு நாள்கூட அவள் வரவில்லை. வந்திருந்தால் கிளியை நல்ல சீட்டாகவே எடுக்க வைத்திருப்பேன்.