ஈரம்படாத முகமூடி

கம்பியை வளைத்துச் செய்த சிறு கூண்டு. மேலே ஃபிளானல் துணி. மூக்கையும் வாயையும் மூடும் அளவுதான். கிள்ளான் மருத்துவமனை அறுவை அறையில், ஒரு வெள்ளைத் தட்டில் அது இருந்தது. பக்கத்தில் பழுப்புப் புட்டியில், அந்தத் துணியில் சொட்டுச் சொட்டாக விட்டு மயக்கம் கொடுக்கும் குளோரோபார்ம். அதன் இனிப்பு வாசம், கனிந்து அழுகத் தொடங்கிய பழம்போல அறையெங்கும் நின்றது. முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தும் வேலை. கிள்ளான் ரயில்வே குடியிருப்பில் அக்காவைப் பார்க்கப் போன இடத்தில், பழைய குடலிறக்கம் இறுகிக்கொண்டது. அன்றே அறுக்காவிட்டால் பிழைக்கமாட்டேன் என்று துரை டாக்டர் சொல்லிவிட்டார்.

மயக்கம் கொடுப்பவர் டாக்டரின் உதவியாளரான டிரெஸ்ஸர். ஒல்லியான மனிதர், நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார்.

"காலையிலேருந்து வயித்துக்குள்ள ஏதாச்சும் போச்சா தம்பி?"

"இல்லைங்கய்யா."

பொய். வெறும் வயிற்றோடு கத்திக்குப் போனால் உயிர் தாங்காது என்பது ரயில்வே லைன் வீடுகளில் யாரும் சந்தேகிக்காத உண்மை. விடியலில் நான் வாந்தி எடுத்ததிலேயே அக்கா பயந்திருந்தாள். வார்டு ஆயா அந்தப்பக்கம் திரும்பியதும் தூக்குச்சட்டியைத் திறந்து ஊட்டிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவளைத் திட்டுவார்களே என்றுதான் நான் மறைத்தேன்.

டிரெஸ்ஸர் என்னை மறுபடி கேட்கவில்லை. கதவைத் திறந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏங்க்கா, தம்பிக்குக் குடுத்த கஞ்சியில உப்புப் போட்டீங்களா?"

"போட்டேங்கய்யா. எங்க குடிக்கிறான்? ரெண்டே கோப்பைதான்."

திரும்பி வந்து டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். முகமூடித் தட்டை ஜன்னல் விளிம்புக்கு நகர்த்தினார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"மயக்கத்துல கஞ்சி மேல வந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குள்ள எறங்கிடும். அதோட முடிஞ்சுது. முதுகுல ஊசி போடுறோம். முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. பேசிக்கிட்டே இருக்கணும்லா."

முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். முதுகில் ஒரு குத்து. ஸ்டோவேன் என்று ஒரு மருந்து. பெயரைப் பிறகுதான் அறிந்தேன். முதலில் பாதங்களில் வெதுவெதுப்பு. பிறகு கால்கள், ரயில் நடைமேடையை விட்டு விலகுவதுபோல, ஓசையில்லாமல் என்னைவிட்டுப் போயின. நான் மட்டும் நடைமேடையில் நின்றேன். இடுப்புக்குக் கீழே யாரோ யாரையோ இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். டிரெஸ்ஸர் என் தொடையைக் கிள்ளியிருக்க வேண்டும்.

"இது யாரு காலு தம்பி?"

"தெரியலைங்கய்யா."

"அப்ப நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடவா?"

சிரித்தேன். ஜன்னலில் வெயில் மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது.

வெளியே கொண்டுவந்ததும் அக்கா என் முகத்தைத் தடவினாள். "கஞ்சி உள்ள போனதாலதான் தாங்குனான்," என்றாள். டிரெஸ்ஸர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க்கா. அடுத்தவாட்டி மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுங்க."

சாகும்வரை அக்கா அந்தக் கஞ்சியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை. டிரெஸ்ஸரே மறுக்காதபோது நான் யார்?

போன மாதம் இன்னொரு அறுவைக்காகப் படுத்திருந்தேன். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று தாதி கேட்டாள். இல்லை என்றேன். இம்முறை உண்மை, ஊட்டிவிட ஆள் இல்லை. பிளாஸ்டிக் மூடி முகத்தில் இறங்கியது. கண் செருகும்போது தெரிந்தது அந்த ஜன்னல்தான்: வெயிலில் கம்பிக் கூண்டு, அதன் துணியில் ஒரு சொட்டுகூட விழாமல்.