ஆம்பூரில் ஒரு வெண்ணெய் பப்ஸ்

காலை எட்டு மணிக்குக் காட்பாடியில் இறங்கினோம். என் கணவர் செல்வத்தின் ஸ்கேன் முடிவைக் கேட்க, சென்னையிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோ போகும்போது அவர் மணலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பல வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு மாரடைப்பு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கலோரிக் கணக்கு என் பொறுப்பு. ஒரு முட்டை பப்ஸ் கிட்டத்தட்ட ஐந்து இட்லிக்குச் சமம் என்று தெரிந்த நாளிலிருந்து பேக்கரிப் பண்டம் எதையும் அவரிடம் அண்ட விட்டதில்லை. இப்போது வந்திருப்பது வேறு. கணையத்தில் கட்டி.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தே சொன்னார். "இனிமே கணக்கெல்லாம் பாக்காதீங்கம்மா. இன்னா புடிக்குதோ குடுங்க."

வெளியே வந்ததும் செல்வம், "ஆம்பூர் போய்ட்டு வரலாமா? இம்தியாஸைப் பாக்கணும். ஆனா அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார்.

பேருந்தில் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டா தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒரு காலத்தில் அவர் சாய்ந்தால் தோள் வலிக்கும். அன்று பாரமே தெரியவில்லை. மாதனூருக்கு அப்பால் தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியாக வந்ததும் தானே விழித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு இங்கே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர்தான் இம்தியாஸ். பிறகு அவர் பஜாரில் பேக்கரி போட்டுவிட்டார்.

பேருந்து நிலையத்திலிருந்து கடைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். எங்களைப் பார்த்ததும் இம்தியாஸ் மாவுக் கையோடு ஓடிவந்தார்.

"இன்னா செல்வம், இப்டி இளைச்சிட்ட! பாபி, உங்க கணக்கு ஜெயிச்சிருச்சு!"

பாபி என்றால் அண்ணி. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் சிரித்து வைத்தேன்.

செல்வத்துக்காகவே ஒன்று செய்து பார்த்திருப்பதாகச் சொல்லி, சிறு கிண்ணத்தில் கோழிக்கறியைப் போட்டு மாவால் மூடிச் சுட்ட 'சிக்கன் பை' ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "அடியில மாவே கெடையாது. மேல மூடி மட்டுந்தான், அதுவும் கோதுமை மாவு. டால்டா இல்ல, கொஞ்சம் எண்ணெய்தான். ரெண்டு மாசமா மூடி ஒடைஞ்சி ஒடைஞ்சி ஒரே பேஜாரு. பாதிக் கலோரி கம்மி பாபி, நீங்களே பாருங்க."

செல்வம் இரண்டு கரண்டி சாப்பிட்டார். "நல்லா இருக்குடா" என்றார். அப்போது உள்ளேயிருந்து ஒரு தட்டு நிறைய வெண்ணெய் பப்ஸ் சூடாக வந்தது. இம்தியாஸ் அவசரமாக அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அதுல ஒண்ணு குடு" என்றார் செல்வம்.

இம்தியாஸ் சிரித்தபடி என்னைப் பார்த்தார், வழக்கம்போல நான் தடுப்பேன் என்று.

"குடுங்க பாய்" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல நின்றுபோனது. செல்வத்தின் கழுத்தையும் தளர்ந்து தொங்கிய சட்டையையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பப்ஸைத் தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஆறட்டும் என்று இரண்டாகப் பிட்டுக் கொடுத்தார். செல்வம் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியை எடுத்து இம்தியாஸ் தன் வாயில் போட்டுக்கொண்டு, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாலை ரயிலுக்கு அவரே வந்து ஏற்றிவிட்டார். "ஞாயித்துக்கெழம வர்றேன்டா" என்றார். சொன்னபடி வந்தார், அதற்கடுத்த ஞாயிறுகளிலும்.

சென்னையில் எங்கள் தெருமுனையிலும் ஒரு பேக்கரி உண்டு. ஊர் திரும்பிய மறுநாள் அங்கே போய் வெண்ணெய் பப்ஸ் நான்கு வாங்கிவந்து அவர்முன் வைத்தேன். பார்த்துவிட்டு, "பசி இல்லம்மா" என்றார். அந்த ஆம்பூர் பப்ஸுக்குப் பிறகு, கடைசிவரை, அவர் வாய்விட்டு எதையும் சாப்பிடக் கேட்கவில்லை.