சபீனாவின் பதினாலாம் தேதி

காலாவதித் தேதியைப் பார்க்காமல் ஒரு மருந்துக் குப்பியைக்கூடக் கையில் எடுக்காதவர்கள் நர்ஸுகள். வேலை பார்க்க நர்சிங் கவுன்சில் தரும் தங்கள் பதிவுச் சான்றின் தேதியை மட்டும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் யாராவது சத்தம் போட்டால்தான் பார்ப்பார்கள். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கு நான் இன்சார்ஜ். எந்தத் தொழிலிலாவது லைசென்ஸ் புதுப்பிக்க அலைந்தவர் என்றால், நீங்களும் என் கட்சிதான்.

நான் போட்ட பட்டியல்

ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், பிரிவில் யார் யாருடைய பதிவு எப்போது முடிகிறது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள் நிர்வாகத்தில். மருந்து ரிஜிஸ்டரில் போடுவதுபோலவே கோடு போட்டு, பெயருக்கு எதிரே மாதமும் வருடமும் மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மருந்து அட்டையில் ஒரு மாதம் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கொடுக்கலாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். எங்கள் பிரிவு நர்ஸ் சபீனாவின் பெயருக்கு எதிரே இந்த மாதம் இருந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவளும் நிம்மதியாக இருந்தாள், நானும் இருந்தேன்.

பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஹெச்.ஆர். மோகன் போன் செய்தார். சபீனாவின் பதிவு பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, சனிக்கிழமை முதல் அவள் நோயாளியைத் தொடக் கூடாது என்றார். மாதக் கடைசி வரை செல்லும்தானே என்று கேட்டேன். "சிஸ்டர், அந்தக் கணக்கெல்லாம் மாத்திரைக்குங்க. மனுசருக்கு அந்தத் தேதியோட சரி."

அன்னூர்க்காரருக்குச் சொன்னது

அன்னூர் பழனிச்சாமி செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் வருபவர். மெஷினோடு இணைக்க அவருடைய இடது கையில் இரண்டு ஊசி ஏற்ற வேண்டும். அந்த ரத்தக் குழாய் ஆழத்தில் வளைந்து ஓடுகிறது. சபீனா போட்டால் ஒரே குத்து. மற்றவர்கள் போட்டால் நாலு இடத்தில் குத்துவோம், கை வீங்கும். ஒருமுறை டயாலிசிஸ் செய்யாமலே திருப்பி அனுப்ப நேர்ந்தது. மறுநாள் மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

ஆகவே சனிக்கிழமை சபீனா இல்லாமல் போகலாம், அவளுடைய பதிவு காலாவதியாகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் பக்கத்தில் நின்ற சபீனாவின் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க சிஸ்டர், அம்மணிக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே? போன சனிக்கெழமைகூட ஒரே குத்துல போட்டுச்சுங்க. அதுக்குள்ள எப்படிங்க காலாவதியாகும்?"

மணிக்கணக்கு

புதுப்பிக்க வேண்டுமானால், ஐந்து வருடத்தில் இத்தனை மணி நேரம் தொடர்கல்வி வகுப்புக்குப் போனதற்குச் சான்றிதழ்கள் வேண்டும். சபீனா உக்கடத்து வீட்டிலிருந்து ஜவுளிக்கடைப் பை நிறையக் கொண்டுவந்தாள். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கூட்டினோம். அவளுக்கு ஒரு தொகை வந்தது, எனக்கு வேறொன்று. மறுபடி கூட்டியதில் இரண்டுமே மாறிவிட்டன. சிலவற்றில் மணி நேரம் போட்டிருந்தது, சிலவற்றில் பாயிண்ட், ஒன்றில் வெறுமனே 'ஒரு நாள்'. ஒரு நாள் என்றால் எட்டு மணி நேரமா, ஆறா? அந்த வகுப்புக்கு நானும் போயிருந்தேன். மதியம் பிரியாணி போட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எப்படிக் கூட்டினாலும் தேவைக்கு மேல்தான் வந்தது என்பதால் அப்படியே கவுன்சிலின் இணையதளத்தில் ஏற்றினோம். சபீனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா ஒண்ணு விடாம சொல்லிருவேன் சிஸ்டர். எத்தனை மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

பெருந்துறை வாட்ச்மேன்

எல்லாம் ஏற்றி முடித்ததும் ஓடிபி கேட்டது. ஐந்து வருடத்துக்கு முன்பு சபீனா கொடுத்திருந்த நம்பர் அவள் அண்ணனுடையது. அண்ணனுக்குப் பெருந்துறையில் ஒரு மில்லில் வேலை. அங்கே போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நான் கூப்பிட்டபோது வாட்ச்மேன் எடுத்தார். திரையில் ஆறு எண் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். வாசியுங்கள் என்றேன். மாட்டேன் என்றார்.

நான் நர்ஸ் என்றேன், ஒரு நோயாளியின் உயிர் விஷயம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது மோசடிக்காரன் பேசுவதுபோலத்தான் கேட்டது. அதற்குள் சபீனா மூன்று முறை புது ஓடிபி கேட்டுவிட்டாள். இனி நாளைக்குத்தான் என்று தளம் பூட்டிக்கொண்டது. வாட்ச்மேன் கடைசி வரை மரியாதை குறையாமல் பேசினார். "யாரு கேட்டாலும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்குதுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தானுங்க கேப்பாங்க?"

சனிக்கிழமை

வியாழக்கிழமை அண்ணன் லீவு போட்டுவிட்டு, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விண்ணப்பம் போனது, ரசீது வந்தது. வெள்ளி முழுக்க 'பரிசீலனையில்' என்றே காட்டியது. ரசீதை வைத்து வேலை செய்யலாமா? செய்யலாம் என்றார் தலைமை நர்ஸான மேட்ரன். கூடாது என்றார் மோகன். அவிநாசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழியைக் கேட்டேன். அங்கே ரசீதே போதும் என்றாள். பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டு, போதாது போலிருக்கிறது என்றாள். கடைசியில் ஒரு முடிவு வந்தது: சபீனா பிரிவுக்குள் நிற்கலாம், யாரையும் தொடக் கூடாது.

பழனிச்சாமி கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஊசியை நான் எடுத்தேன். அந்தக் கையில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள் நான். சபீனா கட்டிலின் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தழும்புக்கு ஒரு விரல் மேல, சிஸ்டர். இல்லைங்க, உள்பக்கம். துடிக்குதுங்களா? இப்பச் சாய்ச்சு... மெதுவா... போதும், நிறுத்துங்க." குழாயில் ரத்தம் ஏறியது. இரண்டாவது ஊசியும் அப்படியே போனது. பழனிச்சாமி கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "குத்துனது நீங்க. ஊசி போட்டது அந்த அம்மணிதானுங்க."

திங்கட்கிழமை வந்த புதுச் சான்றில் சபீனாவின் பதிவு ஒரு நாள்கூட விடுபடாமல் தொடர்வதாக இருப்பதால், சனிக்கிழமை அவள் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் என்பதற்கு மேட்ரனிடம் ஒரு விளக்கமும் மோகனிடம் ஒரு விளக்கமும் இருக்கின்றன, இரண்டையும் கேட்டுவிட்டு நான் சுவர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே இந்த முறை தேதியையும் சேர்த்து எழுதினேன்.